மூலையக்கா கடலில் குடிபோன கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? காலையில் நடப்பார்கள், மத்தியானம் தூங்குவார்கள், மீதி நேரத்தில் அடுத்தவர்களுக்குப் புத்தி சொல்வார்கள். மூலையக்கா இதில் எதையும் செய்யவில்லை. அறுபத்தெட்டு வயதில், இருந்த ஒரே வீட்டை விற்றுவிட்டு, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பயணக் கப்பலில் அறை பிடித்துக் குடிபோய்விட்டாள். சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். "இந்த வயசுல கப்பலா? மண்டையில ஏதோ கழண்டுபோச்சு" என்று பேசாத வாய் இல்லை. பேசட்டுமே! பேசினவர்களில் ஒருத்தராவது அவள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறும்போது கைப்பையை வாங்கிக்கொண்டதுண்டா?

மூலையக்கா என்பது வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர். கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் முப்பத்து நான்கு வருஷம் அறை சுத்தம் செய்யும் வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை, பதினான்கு கட்டில். விரிப்பை உதறி, நாலு மூலையிலும் உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் சொருகினாள் என்றால், அதன்மேல் ஒரு நாணயத்தைப் போட்டால் எம்பிக் குதிக்கும். புதிதாக வந்தவர்கள் மடித்த மூலையெல்லாம் அவள் கண்ணில் பட்டால் தொலைந்தது, பிரித்துத் திரும்ப மடிக்காமல் நகரமாட்டாள். அதனால் மூலையக்கா.

அவள் சுத்தம் செய்த அறைகள் எல்லாமே கடலைப் பார்த்தவை. ஆனால் அந்த ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. சுத்தம் செய்கிறவர்கள் கட்டிலில் உட்காரக்கூடாது, ஜன்னலோரம் நிற்கக்கூடாது. கண்ணாடியைத் துடைக்கலாம், கண்ணாடி வழியே பார்க்கக்கூடாது! இப்படி ஒரு சட்டம் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, தெரிந்தால் நானே நாலு கேள்வி கேட்டிருப்பேன். முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். கணவர் போன பிறகு மகன், மகன் பெரியவனான பிறகு மருமகள், மூவருக்கும் முன்னால் எழுந்து சமையலறையில் நின்றாள்.

ஓய்வு பெற்ற நாளன்று மேலாளர் ஒரு கடிகாரம் கொடுத்துக் கைகுலுக்கினார். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு, "எனக்கு ஜன்னல் வச்ச ஒரு ரூம் வேணும். அதுல நான் உக்காந்திருக்கணும். வேற யாராவது பெருக்கணும்" என்றாள். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கப்பலில் கிடைத்தது ஆறாம் தளத்தில் ஒரு சின்ன அறை. வட்டமாக ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே கட்டில், கட்டிலில் உட்கார்ந்தால் எதிரே கடல். மூன்று வேளையும் சாப்பாடு யாரோ சமைத்தது. தட்டை யாரோ எடுத்துப் போனார்கள். முதல் வாரம் முழுக்க அவளுக்குத் திருடி மாதிரி ஒரு கூச்சம். இரண்டாவது வாரம் கூச்சம் போய்விட்டது, மூன்றாவது வாரம் காலை ஆட்டிக்கொண்டே உட்காரப் பழகிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. வீடு விற்ற பணம் எண்பது வயது வரைக்கும்தான் தாங்கும். "எண்பத்தொண்ணுல என்ன பண்ணுவே?" என்று மகன் கேட்டதற்கு, "நீந்தி வரேன், போ" என்றாள். கப்பல் டாக்டரின் கதவைத் திறந்தாலே காசு. அதையெல்லாம்விடப் பெரிய விலை ஒன்று இருந்தது. இரண்டாம் வருஷம் அவளுடைய சொந்த அக்கா இறந்துபோனபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரைக்கு இன்னும் ஆறு நாள். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தாள், அதுவும் பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. ஒரு வாரம் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கமே அவள் போகவில்லை. கப்பலை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனாலும் இறங்கவில்லை.

மூன்றாம் வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

என்னதான் ஓய்வு என்றாலும் ஒரு பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. கலைந்த கட்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே போக அவளால் முடியாது. காலையில் எழுந்ததும் விரிப்பை இழுத்து, நாலு மூலையும் மடித்து, தலையணையைத் தட்டி நிமிர்த்தி, குளியலறையைத் துடைத்து, துண்டைக் காயவைத்து மடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். வழக்கமாக அறை சுத்தம் செய்யும் ஆளுக்கு இது தெரியும். சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையை மட்டும் எடுத்துப் போவார். அவர் விடுமுறையில் போக, புது ஆள் ஒருவர் வந்தார். முதல் நாள் பார்த்தார், கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மனிதர் வெலவெலத்துப்போய் மேலதிகாரியிடம் ஓடினார். "இந்த ரூம்ல மூணு நாளா யாரும் படுக்கவே இல்லைங்க. வயசான அம்மா, தனியா இருக்காங்க."

அவ்வளவுதான், கப்பலே கிடுகிடுத்துப்போனது. ஒலிபெருக்கியில் அவள் அறை எண்ணைச் சொல்லிச் சொல்லி அழைத்தார்கள். அவளோ அந்த நேரத்தில் அழகு நிலையத்தில், தலைமுடிக்குச் சாயம் பூசி, காதையும் மூடும் முடி உலர்த்தும் கவசத்துக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த பெண்ணுக்கு அவளே சொல்லிவைத்த மூலையக்கா என்ற பெயர்தான் தெரியும், அறை எண் யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரம் தேடிவிட்டு, விதிப்படி ஊரிலிருந்த மகனுக்குப் போன் போட்டார்கள். "உங்க அம்மாவைக் காணோம். கடல்ல விழுந்திருக்கலாமோன்னு பயப்படறோம்" என்றார்கள்.

போன் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கன்னங்கரேலென்ற தலைமுடியோடு அவள் அறைக்குத் திரும்பியபோது, நாலு அதிகாரிகள் கட்டிலைச் சுற்றி நின்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

"ஏங்க! கையை எடுங்க! காலையிலதான் போட்டேன்" என்று கத்தினாள் மூலையக்கா.

நாலு பேரும் பேயைப் பார்த்த மாதிரி திரும்பினார்கள். பிறகு ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள், கப்பல் முழுக்க அன்றைக்கு இதே பேச்சுதான். ஊரில் மட்டும் ஒருவன் சிரிக்கவில்லை.

அவள் இருக்கிறாள் என்ற தகவல் மகனுக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் அவன் தாயில்லாப் பிள்ளையாக இருந்தான். அப்போதே முடிவெடுத்துவிட்டான். கப்பலில் நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் கரையிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால், எந்தத் துறைமுகமாக இருந்தாலும் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்ற உத்தரவாதம் அது. கையெழுத்து இல்லையென்றால் அறை இல்லை, தவணை முடிகிற துறைமுகத்தில் இறங்கிவிட வேண்டியதுதான். மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த மகன், இந்தத் தடவை போடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். நின்றதோடு விடாமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு, அம்மாவின் துணிமணிக்கென்று பெரிய பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு, கடைசித் துறைமுகத்துக்கு நாலு நாள் முன்பாகவே கப்பலில் ஏறிவிட்டான்.

மருமகள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். மாமியாருக்கும் அவளுக்கும் சண்டையும் இல்லை, கொஞ்சலும் இல்லை. அவளுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று யாரும் கேட்கவுமில்லை.

நாலு நாளும் மகன் குறை கண்டுபிடித்துக்கொண்டே நடந்தான். படி செங்குத்தாக இருக்கிறது, தரை வழுக்குகிறது, டாக்டர் சின்னப் பையனாக இருக்கிறார். மூலையக்கா எல்லாவற்றுக்கும் "ஆமாம்பா" என்றாள். அவனை மேல்தளத்துக்கு அழைத்துப் போய்க் காற்று வாங்கவைத்தாள், எதிர்ப்பட்ட சமையல்காரரிலிருந்து பாட்டுக்காரி வரை எல்லாரிடமும் "என் பையன், என் பையன்" என்று காட்டினாள். அவன் முகம் இளகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பொறுமை போய்விட்டது.

"உனக்கு என்னதான்டா பிரச்சினை? நான் சந்தோஷமா இருக்கறது கண்ணை உறுத்துதா?"

"மூணு மணி நேரம்மா!" என்றான் அவன். "மூணு மணி நேரம் நீ செத்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். தண்ணியில எங்க கெடக்கியோன்னு... தேடக்கூட முடியாது. பெரியம்மா போனப்ப நீ எப்படித் தவிச்சே? அதே மாதிரி நானும் போன்ல பாக்கணுமா?"

மூலையக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான்டா. அந்த மூணு மணி நேரத்துக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்போ வீட்டுக்கு வா." அவள் மாட்டேன் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அது மட்டும் கேக்காதே. வந்தா உன்னோட பயம் போயிடும். ஆனா நான் மறுபடியும் நின்னுட்டே இருப்பேன்." அவனுக்கு அது புரியவில்லை. எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தில் நின்றது. பன்னிரண்டு மணி வரைக்கும்தான் கெடு. பயணிகள் அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் படிவத்தை மேஜையில் வைத்து, பேனாவை மகன் பக்கம் நகர்த்தினார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னால முடியாதுங்க. அம்மா எங்களோட வராங்க."

மூலையக்கா அவனிடம் கெஞ்சவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்குகிற அறையில் நிம்மதியாக உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, முட்டட்டும் என்று விட்டுவிட்டாள். "சரிம்மா, நான் போய்த் துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"அத்தை, உக்காருங்க."

மருமகள்தான். நாலு நாளாக அவள் குரலை யாரும் சரியாகக் கேட்டிருக்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "மருமகள் போட்டா செல்லுமாங்க?"

"உறவுக்காரங்க யார் போட்டாலும் செல்லும்" என்றார் அதிகாரி.

"ஏய், நீ என்ன பண்றே?" என்றான் கணவன்.

"கையெழுத்துப் போடறேன். பதினோரு வருஷமா ஒரே வீட்ல இருந்தோம், அத்தை உக்காந்து நான் பாத்ததே இல்ல. நான் எந்திரிக்கும்போது நின்னுட்டிருப்பாங்க, படுக்கப் போகும்போதும் நின்னுட்டிருப்பாங்க. நீங்க பாத்திருக்கீங்களா? சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். முப்பத்தெட்டு வருஷத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினான். அம்மா உட்கார்ந்திருக்கிற ஒரு நாள்கூட அவனுக்கு அகப்படவில்லை.

"எந்தத் துறைமுகமா இருந்தாலும் வரணும், படிச்சியாடி?" என்றாள் மூலையக்கா.

"படிச்சேன் அத்தை. வரேன். இவர் வரலன்னாலும் நான் வருவேன்." மருமகள் பளிச்சென்று கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் கணவனைப் பார்த்தாள். "அத்தை வயசுல எனக்கும் ஒரு ரூம் வேணும்னு கேப்பேன். அப்ப யார் கையெழுத்துப் போடுவா?"

மணி பதினொன்றே முக்கால். அவன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அப்புறம் பேனாவை வாங்கினான். ஒரு கையெழுத்தே போதும் என்று அதிகாரி அம்மாள் சொல்லச் சொல்ல, மனைவியின் பெயருக்குக் கீழே இடம் இல்லாத இடத்தில் தன் பெயரையும் நெருக்கி எழுதினான்.