முடிவை யார் சொல்வது

எட்டாம் வகுப்புக்கு வாதக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது இருக்கிறதே, அப்பப்பா, தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் ஊர்ந்து, எண்ணூரில் எங்கள் பள்ளிக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதியை வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுவேன்: கருத்து, காரணம், சான்று, எதிர்த்தரப்பு, முடிவு.

அந்த வருடம் முதல் நான்கையும் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதைக்கூட ஒளிக்காமல் எழுதினார்கள். ஆனால் பக்கத்து மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட முடிவு எழுதவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது.

"ஏன்டா, கடைசியில வந்து கை வலிச்சிடுச்சா?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "முடிவு நாம சொல்லக் கூடாது மிஸ். ஊர்க்கூட்டத்துல ரெண்டு பக்கமும் பேசிட்டு குந்திக்குவாங்கோ. பெரியவங்கதான் முடிவு சொல்வாங்கோ."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இது ஊர்க்கூட்டம் இல்லை, பேசுகிறவரே முடிவையும் சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாவதுக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். அவளுடைய அம்மா விடியுமுன்பே காசிமேடு துறைமுகத்துக்கு, விற்க மீன் எடுக்கப் போகிறவள். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று மகளின் படிப்பை நிறுத்தப் பார்த்தாள். விடுவேனா? அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு அம்மா உள்ளே வந்தாள். நான் என் பங்குக்குக் கத்தித் தீர்த்தேன். அவள் மகளிடம் திரும்பினாள்.

"நீ இன்னாடி சொல்ற? சொல்லு, கேக்கறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வசமாக மாட்டிக்கொண்டாய் என்று அம்மாவை மனசுக்குள் கேலி செய்தேன்.

"நான் படிக்கணும்மா," என்றாள் அந்தப் பெண். "படிச்சாதான் நர்சு வேலைக்குப் போவ முடியும். பக்கத்து வூட்டு அக்கா போவுது, நீயே பாத்துகினுதான கீற."

கருத்து, காரணம், சான்று. எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆனா நீ மீன் எடுக்கப் போய்ட்டா பாப்பாவப் பாத்துக்க ஆளு இல்ல. அப்பா கடலுக்குப் போனா எப்ப வரும்னே தெரியாது. நீ போவலன்னா வூட்ல ஒல கொதிக்காது. அதுவும் நெஜந்தான்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். முடிவைப் பெரியவள் சொல்லட்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நான் பொறுக்கமாட்டாமல் அந்தப் பெண்ணிடம், "முடிவையும் நீயே சொல்லும்மா" என்றேன்.



"நான் வூட்லயே இருந்துக்கிறேன் மிஸ்."

அடிப்பாவி என்று கத்தத் தோன்றியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஐந்தும், முடிவு உட்பட, அந்தப் பெண்ணின் பேச்சில் இருந்தன.