பல்லில் கடித்த வெளிச்சம்

“நாக்கக் கீழ போடு. இன்னும் கீழ… ஐய, இது என்னா நாக்கு, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது!”

இப்படி அதட்டிவிட்டுக் கமர் நிஷா செல்போனைப் பல்லில் கடித்துக்கொள்கிறார். அதன்பிறகு அவர் பேசுவதில்லை, பேசவும் முடியாது. போனின் தலையில் இருக்கும் சின்ன விளக்கு, எதிரே பிளந்திருக்கும் வாய்க்குள் நேராக விழுகிறது. இடது கையில் ஸ்பூனின் காம்பு, நாக்கை அழுத்துவதற்கு. வலது கையில் முள் பிடுங்க, வெந்நீரில் போட்டு எடுத்த சாமணம். வாய் செய்யவேண்டிய வசவையெல்லாம் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

திருமலைராயன்பட்டினத்தில் தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்ட பெண்களும் பிள்ளைகளும் இவரிடம்தான் வருகிறார்கள். மீன் குழம்பு மத்தியானச் சாப்பாடு என்பதால் கூட்டமும் மத்தியானம்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே இவர் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். “வெயிலு பல்லோட நின்னுடும்ங்க. அதுக்கு அங்கிட்டு நாமதான் கொண்டுபோவணும்” என்பார். ஆண்களுக்குப் பார்ப்பதில்லை. “காரைக்கா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுங்க, அங்க வெளக்கு பெருசா இருக்கும்” என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். முள் கண்ணுக்குத் தட்டுப்படாவிட்டால் பெண்களுக்கும் அதே பதில்தான். காசு வாங்குவதில்லை. திட்டுவதற்கும் காசு வாங்குவதில்லை.

நான் சுரக்குடிக்காரி. நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்களுக்கு மீன் தின்ன ஆசை இருக்கும், முள் பிரிக்கத் தெரியாது. ஆசிரியை வேலை கிடைத்து இவர் வீட்டு மாடியில் குடிவந்த முதல் வாரமே கிழங்கான் மீன் முள்ளோடு மாடிப்படி இறங்கினேன். எடுத்துப் போட்டுவிட்டு, “கத்திரிக்கா தின்னே வளந்தீங்களா டீச்சர்?” என்றார். அன்றிலிருந்து சிநேகம். அக்கா என்பதற்குப் பதில், அவர்கள் வழக்கப்படி லாத்தா என்று கூப்பிடுவேன்.

நன்றிக்கடனாக என் பேட்டரி டார்ச்சைக் கொடுத்துப் பார்த்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். “இது மாடு தேட ஆவும். பல்லுல கடிக்க ஆவுமா?” நான் பக்கத்தில் நின்று பிடிக்கிறேன் என்றேன். “அடுத்தவ புடிச்சா வெளிச்சம் ஒரு பக்கம் போவும், எங்கண்ணு ஒரு பக்கம் போவும்.” போனின் அடிப்பக்கத்தில் எண்கள் தேய்ந்து, ரப்பர் பொத்தான்களில் பல்தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது. பின்மூடி கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் பேண்ட். உப்புக்காற்று தின்ற பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது.

போன் கணவர் கபீர் வாங்கிவந்தது. அவர் சவுதியில் கட்டட வேலையில் இருக்கிறார். அங்கே அவரிடம் சொந்தமாகப் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடைத்தெரு பூத்திலிருந்து கார்டு போட்டுக் கூப்பிடுவார். நம் ஊரில் அப்போது மூன்று மணிக்கு மேலாகியிருக்கும். மற்ற நாட்களில் அவரைப் பிடிக்க வழியே இல்லை. அதனால் கமர் நிஷாவிடம் ஒரு சட்டம் உண்டு: வெள்ளிக்கிழமை வெளிச்சம் கிடையாது. காலையிலேயே போனைத் துடைத்து மாடக்குழியில் வைத்துவிடுவார். கோழிக்குஞ்சைத் தேட விளக்குக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாவை, “இன்னக்கி அது போனு. நாளக்கி வா, டார்ச்சாயிடும்” என்று விரட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. கபீர் இருக்கும் ஊரில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி கவிழ்ந்துவிட்டதாக வாரத் தொடக்கத்தில் செய்தி வந்திருந்தது. பட்டினத்து ஆள் ஒருவர் மௌத், இறந்துபோனார் என்றார்கள். பெயர் தெரியவில்லை. விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கமர் நிஷா அழவில்லை. அழுதால் உண்மையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அடுப்படியில் பாத்திரங்களை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை. எங்கோ கம்பி அறுந்திருந்தது. போன் பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம், என்னிடமோ போனே கிடையாது. பள்ளிக்கு விடுமுறை, நான் அவரோடு கீழே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிவாக்கில் மலர்க்கொடி ஓடிவந்தாள். பட்டினச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். இடுப்பில் மகள் நந்தினி, முதல் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறாள். பிள்ளையின் வாய் மூடவில்லை. எச்சில் நூலாக ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது.

“முள்ளுவாள முள்ளுக்கா. ஒரு தடவ பாத்துடுங்க.”

“எப்ப மாட்டுச்சு?”

மலர்க்கொடி தலையைக் குனிந்தாள். காலையில் பழையதோடு தின்றபோதே மாட்டியிருக்கிறது. கடற்கரைப் பிள்ளைக்கு முள் மாட்டினால் அங்கே கேலிக்கு அளவே இல்லை; அது வயல்காட்டு ஜனங்களுக்கு வருகிற வியாதி. அதிலும் மீன்காரி மகள். யார் கண்ணிலும் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து விழுங்கவைத்திருக்கிறாள். இறங்கவேண்டிய முள் குத்தி நின்றுவிட்டது. இப்போது தண்ணீரும் இறங்கவில்லை.

“தெரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது, இப்புடியா அடைப்ப? காரைக்காலுக்குத் தூக்கிட்டு ஓடு. இன்னக்கி என்னால ஆவாது.”

“அவுங்க அப்பா ஆட்டோ புடிக்கப் போயிருக்காருக்கா, இன்னும் ஆளக் காணும். மூச்சு ஒரு மாதிரியா இழுக்குதுக்கா.”

கமர் நிஷா மாடக்குழியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். இழுத்த மூச்சு ஒன்று பாதியில் தடுக்கிச் சீழ்க்கைபோலக் கேட்டது. பாவி மகளே என்று யாரைத் திட்டினாரோ, எழுந்து போனை எடுத்தார்.

நந்தினியை என் மடியில் கிடத்தித் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மலர்க்கொடி காலைப் பிடித்தாள். போன் பல்லுக்குப் போனது. விளக்கு எரிந்தது. ஸ்பூன் காம்பு நாக்கை அழுத்தியதும் உள்ளே சிவப்பும் சோற்றுப்பருக்கையும் எச்சில் நுரையும் தெரிந்தன. கமர் நிஷாவின் புருவம் மெல்ல ஏறியது. நுனி தெரிகிறது என்று அதற்கு அர்த்தம். சாமணம் உள்ளே போனது, வழுக்கியது, மறுபடி போனது. பிடித்துவிட்டது.

அப்போது போன் அடித்தது.

அவர் பல்லிலேயே அடித்தது. அதிர்வு வேறு. கன்னம் துடித்தது, வெளிச்சம் நடுங்கியது. கமர் நிஷாவுக்குத் திரை தெரியாது, எனக்குத் தெரிந்தது.

“தொள்ளாயிரத்து அறுபத்தாறுன்னு ஆரம்பிக்குது லாத்தா. சவுதி நம்பர்” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. அந்த எண்ணிலிருந்து கபீர் பேசலாம், கபீரைப் பற்றி வேறு யாராவதும் பேசலாம். என் கை தானாகப் போனை நோக்கி நீண்டது. எடுத்துக் காதில் வைத்தால் தெரிந்துவிடும், ஆனால் வெளிச்சம் போய்விடும். கமர் நிஷா கண்ணை உருட்டினார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலர்க்கொடி எந்தச் சாமியையெல்லாமோ கூப்பிட்டாள். கமர் நிஷாவின் கண்ணில் தண்ணீர் கோத்து மூக்கோரமாக இறங்கியது. துடைக்கக் கை இல்லை. தலை அசையவில்லை. சாமணம் பிடித்த கை மட்டும், வந்த வழியே, துளித்துளியாகப் பின்னால் வந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு கை நகர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

மணி நின்றது. விளக்கு மங்கி, ஒரு தடவை மினுக்கி, அணைந்தது. சாமணம் அதற்குள் உதட்டைத் தாண்டியிருந்தது. அதன் முனையில் வளைந்த முள், ரத்தம் தோய்ந்து.

நந்தினி வீடு அதிர அழுதாள். அழ அழ மூச்சு சரியாக வந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. “எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிடு, உள்ள புண்ணாயிருக்கும்” என்று அவர்களை அனுப்பிவைத்தார். மலர்க்கொடி காலைத் தொட வந்தபோது, “போ புள்ள, எனக்கு வாயில நல்லா வருது” என்று விலகிக்கொண்டார்.

பிறகு நாங்கள் இருவர்தான். போனின் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. முந்தானையால் எச்சிலைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஸ்பூனையும் சாமணத்தையும் எடுத்து ஓரமாக வைத்தேன்.

அவரே சொன்னார். “மச்சான்தான் டீச்சர். கெட்ட சேதி சொல்ல வந்தவன்னா ரெண்டு அடிச்சிட்டு வச்சிருவான். இந்நேரம் வரைக்கும் விடாம அடிக்க வேற யாரு இருக்கா எனக்கு?”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆமாம் என்றேன்.

ஆள்காட்டி விரலை மெல்ல வாய்க்குக் கொண்டுபோய், போன் அதிர்ந்துகொண்டிருந்த முன்பற்களைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை.