ராகிக் குழியைப் பற்றி நான் எழுதிய மனு

ஜனங்கள் எழுதிக் கேட்டால் சர்க்கார் சட்டத்தை மாற்றும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதை தெரியாதவன் என்று என் மனைவி கண்டிக்கிறாள். இருக்கட்டும். எழுதிக் கேட்டவன் நான். சட்டம் மாறவும் மாறியது, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எதனால் மாறியது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். எங்கள் பக்கத்தில் அதைக் கண்ட்ரோல் காலம் என்றுதான் சொல்வோம். இண்டூருக்கு அந்தப் பக்கம், மழையை மட்டும் நம்பி விதைக்கிற ஊர் எங்களுடையது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். விளைந்ததில் வீட்டுச் செலவு போக மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும் என்று அப்போது உத்தரவு போட்டார்கள். டெல்லியில் முடிவு செய்ததாம். பட்டணங்களுக்குச் சோறு வேண்டுமாம். நெல் விளைகிற ஊரை நினைத்துப் போட்ட சட்டம் அப்படியே ராகி விளைகிற ஊரிலும் வந்து இறங்கியது.

நெல்லுக்கு ஏரி உண்டு, வாய்க்கால் உண்டு. எங்கள் ராகிக்கு வானம்தான். ஒரு வருஷம் நன்றாக விளைந்தால் அடுத்த இரண்டு வருஷமும் அதையே வைத்துத் தின்ன வேண்டியிருக்கும். அதற்காகவே வீட்டுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருந்தோம். ஒரு ஆள் நுழைகிற வாய், உள்ளே பானை மாதிரி அகன்ற வயிறு, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். சுற்றிலும் வைக்கோல் அடைத்து, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. அது மிச்சம் இல்லை, வரப்போகிற பஞ்சத்துக்கான சாப்பாடு. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிட்டால் சட்டத்தைத் திருத்திவிடுவார்கள் என்று நான் நம்பினேன். படித்த முட்டாள் என்பார்களே, அது நான்தான்.

அண்ணனுக்கு இஷ்டமே இல்லை. "குழியப் பத்தி எதுக்குடா எழுதற? அவங்க கேக்காதத நாமளா சொல்லுவானேன்?" என்றார்.

"உள்ளத உள்ளபடி சொன்னாத்தாண்ணா நம்புவாங்க."

படித்தவன் சொல்கிறான் என்று அவர் கைநாட்டு வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து ஊரே வைத்தது. முதல் கைநாட்டு அவருடையது. "பஞ்ச காலத்தை முன்னிட்டு வீடுதோறும் நிலத்தடிக் குழிகளில் ராகியைச் சேமிப்பது எங்கள் வழக்கம்" என்று முத்து முத்தான எழுத்தில் எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவன் மாதிரி திருப்தியாக வந்தேன்.

பதில் வரவில்லை. உத்தரவு வந்தது. நிலத்தடிக் குழிகளில் இருக்கும் தானியம் பதுக்கல், சோதனை போட்டு எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. அதற்கு முன் எந்த உத்தரவிலும் குழி என்ற சொல்லே கிடையாது. ஆக, என் மனுவை யாரோ கவனமாகத்தான் படித்திருக்கிறார்கள். சட்டம் முதல் தடவை மாறியது இப்படித்தான்.

பங்குனி வெயிலில் ஒரு அதிகாரி இரண்டு சேவகர்களோடு வண்டியில் வந்து இறங்கினார். மனுவில் முதல் பெயர் அண்ணனுடையது என்பதால் முதல் சோதனையும் எங்கள் வீட்டில்தான். கல்லைப் புரட்டித் தள்ளினார்கள். குழியைத் திறந்தால் ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவைக்க வேண்டும். மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும். மறுநாள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம், அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும்.

"நாளைக்குக் காலைல எறங்கலாம்ங்க. வெளக்கு வுட்டுப் பாக்கணும்," என்றார் அண்ணன்.

அதிகாரி சிரித்தார். "பட்டப்பகல்ல எதுக்குய்யா விளக்கு? ராத்திரிக்குள்ள எடுத்து ஒளிச்சு வைக்கப் பாக்கறியா?"

"அய்யோ, இல்லீங்க. உள்ள காத்து..."

"பொழுது சாயறதுக்குள்ள நான் இன்னும் மூணு ஊர் பாக்கணும்."

நான் முன்னால் போய், "சார், அவர் சொல்றது நிஜம். ஒரு நாள் பொறுங்க," என்றேன்.

"ஓ, வாத்தியாரா? அதுக்கும் ஒரு மனு எழுதுமேன்," என்றார் அவர். சேவகர்கள் இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்காமல் ஏன் கை கட்டி நின்றேன் என்று இன்றும் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் பண்ணையாளைக் காட்டி அவனை இறங்கச் சொன்னார்கள். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். அண்ணன் அவனைத் தடுத்தார். "அவன் வேணாம்ங்க. எங்க வூட்டுக் குழி. நானே எறங்கறேன்."

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கூடை மேலே வந்தது. இரண்டாவது கூடை பாதி நிறைவதற்குள் உள்ளே சத்தம் நின்றுவிட்டது. இழுத்தோம். துவண்ட உடம்பு குழியின் கழுத்தில் வந்து சிக்கிக்கொண்டது. கடப்பாரையால் வாயை உடைத்துத்தான் எடுத்தோம். எடுத்தபோது உயிர் மிச்சமில்லை. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்திலிருந்த ராகியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

தவறி விழுந்து இறந்ததாக எழுதிக்கொண்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் அதே சேவகர்கள் வந்து மீதி ராகியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர்கள் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளை இறக்கினார்கள்.

அதற்குப் பிறகும் எழுதினேன், வெட்கமில்லாமல். தாலுகாவுக்கு, ஜில்லாவுக்கு, மெட்ராசுக்கு, டெல்லிக்கு. ஒரு மனிதன் செத்துப்போனான் என்று எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. உயிர் போனதைச் சொன்ன மனுவுக்கு உத்தரவில் ஒரு வரிகூட அசையவில்லை.

ஒரு வருஷம் கழித்து உத்தரவு தானாக மாறியது. ராகியை இனி எடுக்க வேண்டாம். ஊரில் கூட்டம் போட்டு, வாத்தியார் எழுதிய மனுக்களுக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார்கள். மாலையோடு வந்தார்கள். நான் அதற்கு முந்தின நாள்தான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரிடம் காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். மாலையை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ராகிய எடுக்க மாட்டாங்களாம் அண்ணி."

"எதனாலயாம்?"

குமாஸ்தா சொன்னதை அப்படியே சொன்னேன். "ரேஷன் கடையில போட்டாங்களாம். பட்டணத்துக்காரங்க இதையெல்லாம் யாரு திம்பாங்கன்னு திருப்பிட்டாங்களாம். மூட்டையெல்லாம் குடோன்ல கெடந்து புழுத்துப் போச்சாம்."

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"புடிக்கலைங்கறத மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா அவங்க?" என்றார்.