அம்மாவின் காரில் இறங்காத முள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் அண்ணன் எழுதியிருக்கிறார். என் பொறுமையை அம்மா சோதித்த கதையை நான் எழுதுகிறேன்.

அம்மா கடலூரில் பிறந்து கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்பா இளவயதிலேயே மறைந்துவிட, கடலூரில் அரசு அலுவலக வேலைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வந்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டார். "இனிமே நா பஸ்ல நிக்க மாட்டேன்" என்றார்.

2009-இல் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸுக்காக வாரந்தோறும் கடலூர் போனோம். போகும்போது அம்மா ஓட்டுவார், வரும்போது நான். அந்தக் கோடையில்தான் கார் சூடேறத் தொடங்கியது. ஆலப்பாக்கம் வருவதற்குள் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஓரங்கட்டிக் காத்திருப்போம். நேரம் தவறினால் மருத்துவமனையில் அம்மாவின் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும்.

"அந்த டப்பாவ வித்துத் தொலைங்க" என்று அண்ணன் போனில் கத்துவார். மெக்கானிக்கல் படித்த எனக்கு விட மனமில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஃபேனின் ஃபியூஸ், ரிலே இரண்டும் நன்றாக இருந்தன. மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தேன், சுற்றியது. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டேன்; திறந்தது. ரேடியேட்டரின் உட்புறத்தைக் கழுவினேன், மூடியை மாற்றினேன். முள் இறங்கவில்லை.

"ரோட்ட விட்டு எங்கியாவது எறக்கினியாம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன், புல்லோ சேறோ அடைத்திருக்குமோ என்ற சந்தேகத்தில்.

"இல்லவே இல்ல" என்பார்.

கடைசியில் ரேடியேட்டரையே கழற்றினேன். அதற்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்தது போல ஒரு அடை. காற்று புக வழியே இல்லை.

"இன்னாம்மா இது?"

"உளுந்தம்பொட்டு மாதிரி இருக்கு."

பங்குனியில் எங்கள் பக்கம் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்புவார்கள். வண்டி ஏறினால் மணி உதிரும், பொட்டு என்கிற தோலும் சருகும் பறக்கும். "யக்கா, ஒரு வாட்டி ஏத்திட்டுப் போயேன்" என்று யாராவது கை காட்டினால், அம்மா முன்னும் பின்னுமாக ஓட்டிக் கொடுப்பாராம். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"எத்தன தடவ கேட்டேன்?"

"ரோட்ட விட்டு எறக்கினியான்னுதான கேட்ட? நா எங்க எறக்கினேன்? அவுங்கதான் ரோட்டுல கொட்டியிருந்தாங்க."

சுத்தம் செய்து மாட்டினேன். இனி ஏற்றாதே என்றதற்குத் தலையாட்டினார். அடுத்த பங்குனியில் முள் மறுபடியும் ஏறியது.

சென்ற பங்குனியில் அம்மாவின் உடலைக் கடலூரிலிருந்து கொண்டுவந்தோம். அமரர் ஊர்தி முன்னே போக, அம்மாவின் காரை நான் பின்னால் ஓட்டி வந்தேன். ஊருக்கு அருகே சாலை முழுக்க உளுந்து. ஊர்தி நின்றது. செடியை ஒதுக்கப் போன அண்ணனை, உளுந்துக்குச் சொந்தக்காரரான ஊர் அத்தை ஒருவர் தடுத்தார்.

"ஒதுக்காத தம்பி. அக்கா மேலயே போவட்டும். எப்பவும் அப்பிடித்தான் போவும்."

ஊர்தி ஏறிப் போனது. நானும் ஏற்றினேன்.

ஆலப்பாக்கத்தில் குடம் குடமாகத் தண்ணீர் தந்த டீக்கடைக்காரருக்கும், தாமதமானாலும் அம்மாவுக்குப் படுக்கையைப் பிடித்து வைத்திருந்த செவிலியருக்கும், உளுந்தை ஒதுக்க விடாத அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரை விற்கவில்லை. இந்தப் பங்குனியிலும் வழியில் கை காட்டுகிறார்கள். ரேடியேட்டரைக் கழற்றப்போவது யார் என்ற எரிச்சலோடுதான் ஏற்றிக் கொடுக்கிறேன்.