ஹீற்றர் போடும் நாள்

மெல்பேர்ணின் நோபிள் பார்க்கில் இந்த வீட்டை வாங்கி வந்து பதினான்கு வருடங்கள். அவற்றில் பதின்மூன்று வருடங்கள், கூடத்துச் சுவரில் பதித்திருக்கும் காஸ் ஹீற்றரை ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதிக்கு ஒரு நாள் முந்திக்கூட நான் போட்டதில்லை. விதி என்னுடையது அல்ல. வந்த முதல் வருடம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி சொன்னது அது. மெல்பேர்ணில் அன்சாக் தினத்துக்கு முன் ஹீற்றர் போடுகிற வழக்கம் இல்லையாம். போரில் இறந்த வீரர்களை நினைக்கும் ஒரு நாளுக்கும் வீட்டுச் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அறுபது வயதுக்குமேல் இந்த ஊரில் சொந்தமாக ஒரு வீட்டை நடத்தத் தொடங்கியவனுக்கு, நிச்சயமாக ஒரு திகதி கிடைத்ததே பெரிய ஆறுதல்.

திகதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இங்கே குளிர் தொடங்கும் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு காலையும் யோசனைதான். இன்று போடலாமா, நாளை வெயில் வருமா, இப்போதே போட்டால் ஜூலையில் உடம்பு எப்படித் தாங்கும்? காசு ஒரு காரணம் அல்ல. ஓய்வூதியம் வருகிறது, காஸ் கட்டணத்தை மகள் கட்டுகிறாள். இது பழைய வியாதி. ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தேன். மருந்து ஏற்றிய கப்பல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்ற யுத்தகால வருடங்கள் அவை. டொக்டர் பத்து நாளைக்கு எழுதியதை ஐந்து நாளைக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கடைசிக் கட்டத்துக்கு வருகிற நோயாளிக்கென்று பூட்டி வைப்பேன். அதில் சிலருக்கு நன்மை செய்தேன், சிலருக்குச் செய்யவில்லை. இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடக்கூடாது என்பது மட்டும் கையில் ஊறிவிட்டது.

இந்த வீட்டின் நடைவழியில், துணி வைப்பதற்கென்று கட்டிய ஆழமான ஒரு சுவர் அலுமாரி இருந்தது. அதன் கதவைக் கழற்றிவிட்டு அதைச் சாமியறை ஆக்கினோம். உள்பக்கப் பலகையில் ஏற்கெனவே ஒரு கொளுக்கி இருந்ததால், என் வெப்பமானியை அங்கே தொங்கவிட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். வீட்டின் நடு இடம். வெயில் படாது, காற்று அடிக்காது. காலை ஆறரைக்கு மனைவி விளக்கேற்றுவாள். நான் குளித்துவிட்டு ஏழு மணிக்குப் போய்க் கும்பிட்டு, திருநீறு பூசி, வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். மாலையிலும் அப்படியே, அவள் ஆறுக்கு விளக்கு, நான் ஆறரைக்குக் கொப்பி. பதினான்கு வருடத்தில் ஒன்பது கொப்பிகள் நிரம்பின.

போன மார்கழியில் மனைவிக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. ஐம்பத்தெட்டுக் கிலோவாக ஆஸ்பத்திரிக்குப் போனவள் மாசி முடியும்போது நாற்பத்தொன்பது. வளையல் முழங்கை வரை ஏறியது. ஏப்ரல் ஐந்தாம் திகதி காலை அவள் என்னிடம் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வருசம் ஹீற்றரைக் கொஞ்சம் வேளைக்குப் போட்டால் என்ன?"

நான் எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தேன். "பதினேழரை. வயசு போன ஆக்களுக்குப் பதினெட்டு வேணும் எண்டு வாசிச்சனான். அரைதானே குறையுது. இன்னும் இருபது நாள்."

"வெப்பமானிக்குக் குளிராதுதான். அது ஒரு இடத்திலை தொங்கிக்கொண்டு நிக்குது. நானெல்லோ வீடு முழுக்க நடந்து திரியிறன்."

"மற்றச் சுவெற்றரையும் போடுமன்."

"போட்டுக்கொண்டுதான் கேக்கிறன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் பார்த்தவற்றை இப்போது எழுதுவது எளிது. காலை பத்தரைக்குக் குசினி யன்னலால் வெயில் விழும். அவள் அதில் கதிரையைப் போட்டு, வெயில் நகர நகரக் கதிரையையும் நகர்த்தினாள். மதியத்தில் மின்னழுத்தியைச் சூடாக்கித் துணி அழுத்தத் தொடங்கினாள். சட்டைகள் முடிந்தும் விடவில்லை. தலையணை உறை, கைத்துவாய், பாத்திரம் துடைக்கிற துணி வரைக்கும் அழுத்தினாள். ஒரு கிழமையில் பதினான்கு கைத்துவாய்கள் அழுத்தி அடுக்கப்பட்டிருந்ததை எண்ணினேன். பொழுது போகவில்லை போலும் என்று நினைத்தேன்.

டார்னெய்ட்டில் இருக்கும் மகள் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைப்பாள்.

"அப்பா, ஹீற்றர் போட்டாச்சோ?"

"இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு பிள்ளை."

"என்ன கவுண்ட்டவுனா? ரொக்கெட் விடப்போறீங்களோ? அம்மாட்டைக் குடுங்கோ."

மனைவி போனை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் குளிரேல்லை, நீ யோசியாதை."

எட்டாம் திகதி இருமல் தொடங்கியது. பத்தாம் திகதி காலை பால் போத்தலின் மூடியைத் திறக்கமுடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன செய்கிறீர் என்று கேட்டேன். பதில் குழறி வந்தது. காய்ச்சல் என்று நினைத்து, உடம்புச் சூடு பார்க்கும் வெப்பமானியை அவள் வாயில் வைத்தேன். முப்பத்தைந்து தசம் ஒன்று. கருவியில்தான் பிழை என்று உதறி மறுபடி வைத்தேன். மூன்று தரமும் அதே இலக்கம். அவசர எண்ணை அழைத்துவிட்டு, வீட்டில் இருந்த போர்வை ஐந்தையும் அவள்மேல் போட்டேன். ஆம்புலன்ஸ் பதினொரு நிமிடத்தில் வந்தது.

நெஞ்சில் சளிக்கிருமி என்றார்கள். இளம் டொக்டர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் சூடு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊகித்துச் சொல்லவேண்டிய தேவை எனக்கு இல்லை. காலையில் பதினேழரை, மாலையில் பதினெட்டு, கடந்த இரண்டு கிழமையின் சராசரி என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அப்படியானால் குளிர் காரணமில்லை, வயதானவர்களுக்குக் கிருமி தொற்றினால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு இப்படிக் குளிர்ந்துபோவதும் உண்டு என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. இப்படித் துல்லியமாகப் பதில் சொல்லும் கணவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, வழக்கம்போல ஏழு மணிக்குச் சாமியறைக்குப் போனேன். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. ஏற்றுபவள் வீட்டில் இல்லை. கும்பிட்டுவிட்டு வெப்பமானியைப் பார்த்தேன். பதின்மூன்று.

விரலால் தட்டினேன். பதின்மூன்றுதான். முந்திய இரவு அதிகம் குளிர்ந்திருக்கும் என்று வானொலியைக் கேட்டேன். வெளியே அந்தக் கிழமை முழுவதும் இருந்த அளவுதான். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது பதினான்கு.

பன்னிரண்டாம் திகதி காலை விளக்கை நானே ஏற்றினேன். எண்ணெயை அவளைப்போல அளவாக விடத் தெரியவில்லை, கொஞ்சம் வழிந்தது. பிறகு ஒரு கதிரையை நடைவழியில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் பதினைந்து. இருபத்தைந்து நிமிடத்தில் பதினேழு. அரை மணி நேரத்தில் பதினேழரை.

விளக்குக்கும் வெப்பமானிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. மூன்று பக்கமும் மூடிய அலுமாரி.

தடுப்பூசி மருந்துப் பெட்டியின் வெப்பநிலையை இருபத்தாறு வருடம் நாளுக்கு இரண்டு தரம் எழுதியவன் நான். வெப்பமானியைப் பெட்டிக் கதவோரம் வைத்துவிட்ட உதவியாளர் ஒருவரை, மற்றவர்கள் முன்னால் ஏசி அழவைத்தும் இருக்கிறேன். ஒன்பது கொப்பிகளிலும் நான் எழுதிவந்தது எங்கள் வீட்டின் சூட்டை அல்ல. ஒரு திரியின் சூட்டை எழுதி வைத்துக்கொண்டு, குளிர்கிறது என்று சொன்ன மனுசிக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

வெப்பமானியைக் கழற்றிப் படுக்கையறையில் அவள் தலையணைப் பக்கம் வைத்தேன். மறுநாள் காலை அது பன்னிரண்டரை காட்டியது.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரைத் தேடினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்து, நான் சொன்ன இலக்கம் பிழை, சரியானது பன்னிரண்டரை என்றேன். அவர் திருத்தி எழுதினார். குளிரும் ஒரு காரணமா என்று கேட்டேன். அந்தக் குளிர் நல்லது செய்திருக்காது என்றார், நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றும் சொன்னார். இருபத்தொன்றுக்குக் குறையாமல் வீட்டை வைத்திருந்தால் நாளை மறுநாள் கூட்டிப்போகலாம், இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்றார். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மகள் நின்றாள். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை தரம் அப்பா நான் கேட்டனான்? ஹீற்றரைப் போடுங்கோ, போடுங்கோ எண்டு?"

"ஆறு தரம்."

"நான் கணக்குக் கேக்கேல்லை!" என்று கத்தினாள். தாதி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மகள் குரலைத் தணித்தாள். "வீட்டை போய் அதைப் போடுங்கோ. இப்பவே. ப்ளீஸ்."

இப்பவே போட எனக்கு முடியவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பதின்மூன்றாம் திகதி மாலை ஹீற்றருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அவள் வருவது பதினைந்தாம் திகதி, ஒருவரும் இல்லாத வீட்டை எதற்குச் சூடாக்குவது என்று மனம் கேட்டது. காரணம் சரியாகவே பட்டது. எனக்கு எப்போதும் காரணங்கள் சரியாகவே படும். போர்த்திக்கொண்டு படுத்தேன்.

பதினான்காம் திகதி சித்திரை வருடப்பிறப்பு. தெரிந்தவர்கள் எல்லோரும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருப்பார்கள். நான் காலை எட்டுக்கு முழங்காலூன்றி ஹீற்றரைப் பற்றவைத்தேன். ஒரு வருடத் தூசி எரிந்து மணத்தது. புகை போக யன்னலைத் திறந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியோரம் நின்றார். கையில் இப்போது ஊன்றுகோல். மனைவியைப் பற்றி விசாரித்தார், சொன்னேன். அன்சாக் தினத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, உங்கள் விதியை மீறிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு நினைவு வந்து தலையை ஆட்டினார். அது செத்துப்போன தன் கணவனின் பிடிவாதம் என்றார். அந்த மனிதர் வேலைக்குப் போனதும் தான் ஹீற்றரைப் போட்டு, அவர் திரும்ப அரை மணி நேரம் இருக்கும்போது நிறுத்திவிடுவாராம். முப்பது வருடம் அவருக்குத் தெரியாதாம்.

நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். என் மனைவிக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

பதினைந்தாம் திகதி பிற்பகல் மகள் தாயைக் கூட்டிவந்தாள். காரிலிருந்து வாசலுக்குப் பதினேழு அடி. மனைவி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே வந்தவள் கூடத்து நடுவில் நின்று, எதையோ கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள். ஹீற்றரின் இரைச்சல்.

"இண்டைக்கு என்ன, இருபத்தைஞ்சோ?"

"இல்லை. பதினைஞ்சு."

கதிரையில் உட்கார்ந்தாள். மகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். வெப்பமானியின் கதையை மனைவியிடமும் சொன்னேன். விளக்கு, அலுமாரி, பதினேழரை, பன்னிரண்டரை என்று ஒன்றும் விடவில்லை. அவள் ஹீற்றரின் நீலச் சுவாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உமக்கு நல்லாக் குளிர்ந்ததோ?" என்றேன்.

"ஓம்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே."

"ஒருக்காத்தான் சொன்னனீர்."

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"எத்தனை தரம் சொல்லவேணும் எண்டு எங்கையும் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

என் ஒன்பது கொப்பிகளிலும் அது இல்லை. இப்போது ஜூன் மாதம், இதை எழுதும்போதும் இல்லை.

"கொஞ்சம் கூட்டிவிடுங்கோ," என்றாள்.

முழங்காலூன்றிக் குமிழை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன். போதுமோ என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றாள். நாலுக்குத் திருப்பினேன். அந்த ஹீற்றரில் நாலுக்கு மேல் இல்லை. எனக்கு நெற்றியும் கழுத்தும் வியர்த்தன. அவள் சுவெற்றரின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, கதிரையை இன்னும் கிட்ட இழுத்துவிடச் சொன்னாள். இழுத்துவிட்டேன்.