சதுப்பு வளைவின் கணக்கு

கௌக்கோ ஹெய்க்கூரா இறந்தபோது வட்டாரச் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், "சாலைப் பணியாளர்". எங்கள் ஊர் கொந்தியோவாராவில் முப்பத்தொரு பனிக்காலம் எங்களுக்காகச் சாலையைத் திறந்துவிட்ட மனிதனுக்கு நான்கு வரி. நான் சொல்லப்போவது அந்த நான்கு வரியில் இல்லை. அதில் எனக்கும் பங்கு இருப்பதால் சொல்கிறேன். இல்லாவிட்டால் நானும் எல்லாரையும் போல வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

என் பெயர் ஏய்லா. இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். கௌக்கோ பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. அப்போதே பேசமாட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். வளர்ந்து, பனி தள்ளும் வண்டியில் ஏறினான். காலை நாலரை மணிக்கு எழுந்து வெப்பமானியைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான், பூட்ஸ் காலால் சாலையைத் தேய்த்துப் பார்ப்பான். சாலை உறையாமல் இருக்க இன்று உப்பு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பான். எட்டு மணிக்கு, உப்பு போடாத இடத்தில் தரை உறைந்திருந்ததா இல்லையா என்பதையும் அதே வரியில் சேர்ப்பான்.

அவனுடைய இருபத்தொன்றாவது பனிக்காலத்தில், ஒரு நவம்பர் காலை, வெப்பமானி ஒரு டிகிரி காட்டியது. உறைநிலைக்கு மேலே. மேகம், ஈரச் சாலை, காற்று இல்லை. உப்பு தேவையில்லை என்று முடிவுசெய்தான். ஏழு மணிவாக்கில் மேகம் விலகிவிட்டது. ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியானது. ஏழு நாற்பதுக்குப் பள்ளிக்கூட டாக்ஸி சதுப்பு வளைவில் வழுக்கி, எதிரே வந்த, மரம் ஏற்றிய லாரியில் மோதியது. டாக்ஸியில் ஒரே ஒரு குழந்தை. பின்யா, ஒன்பது வயது. நான் பரிமாறும் தட்டில் பட்டாணியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைக்கும் பெண். அங்கேயே இறந்துபோனாள். அது தெரியாமல் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவளுடைய தட்டையும் சேர்த்துத்தான் எடுத்து அடுக்கியிருந்தேன்.

விசாரணை நடந்தது. யார் மீதும் தவறில்லை, வானிலை என்று எழுதி மூடினார்கள். பின்யாவின் அம்மா மிர்வாவும் அப்படியே ஏற்றுக்கொண்டாள். ஒருவரையும் திட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்துப் பாதையைக் கௌக்கோ மற்ற எல்லாச் சாலைக்கும் முன்னால் திறந்துவிடுவான். அதற்காக மிர்வா வருடாவருடம் அவன் வாசற்படியில் ஒரு ஏலக்காய் ரொட்டியைச் சடைபோலப் பின்னிச் சுட்டு வைத்துவிட்டுப் போவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் அதுவே பெரிய உறவு.

அதற்குப் பிறகு பத்துப் பனிக்காலம் கௌக்கோ வண்டி ஓட்டினான். எதற்கெடுத்தாலும் உப்பு. "கௌக்கோ போன ரோட்ட நாய் நக்குச்சுன்னா ஒரு வாளி தண்ணி குடிக்கும்" என்று பெட்ரோல் பங்கில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு அவன் பேச்சு நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. முன்னால் மட்டும் பேசினானா என்ன?

அவன் ஓய்வு பெற்ற அதே வருடம் இலையுதிர்காலத்தில் நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் பாடம் நடத்துகிறது, இலவசம், கணிதம் தெரியவேண்டாம், ஆர்வம் இருந்தால் போதும், செவ்வாய்க்கிழமை நூலகக் கணினியில் சேர்ந்து படிக்கலாம், காப்பி உண்டு. ஓசி என்றால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம்தான் நாங்களும். ஏழு பேர் போனோம். கதவருகே கௌக்கோ நின்றான்.

"நீ எங்கப்பா இங்க? வழி தவறி வந்துட்டியா?" என்றேன்.

"காப்பி இருக்குன்னாங்க."

"காப்பி உன் வீட்ல இல்லியா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு மூலைக் கணினியில் உட்கார்ந்தான். பைக்குள் நோட்டுகள் இருந்தன.

அந்தப் பாடத்தின் முறை இதுதான். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உன் வேலையிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து விடை எழுதவேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிற இடத்தில் ஆசிரியர் எத்தனை பேருடையதைத் திருத்துவார்? அதனால் நாமே ஒருவருக்கொருவர் திருத்தவேண்டும். யாருடைய பெயரும் தெரியாது. நீ மூன்று பேருடைய விடையை மதிப்பிட்டால்தான் உன்னுடைய மதிப்பெண் உனக்குத் தெரியும்.

நான்காவது அத்தியாயம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய நாட்களை ஒரு அட்டவணையாகக் கொடுத்துவிட்டுப் புது நாள் ஒன்றைப் பற்றிக் கேட்டால், இயந்திரம் அதோடு மிகவும் ஒத்துப்போகிற பழைய நாளைத் தேடிப் பிடித்து, அன்று என்ன நடந்ததோ அதையே பதிலாகச் சொல்லும். எந்தக் கிழமை எவ்வளவு உருளைக்கிழங்கு மிஞ்சியது என்று நான் எழுதி அனுப்பினேன்.

பிறகு மற்றவர்களுடையதைத் திருத்த உட்கார்ந்தேன். அது ஒரு வியாழக்கிழமை. எங்கள் குடியிருப்பின் பொதுச் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், என் முறை சரியாக ஐந்து மணி. தவறினால் அடுத்த வியாழன்தான். மூன்றாவது விடை வந்தபோது மணி நாலே முக்கால். நீளமான விடை. யாரோ ஒரு சாலைப் பணியாளர், இருபத்தொரு நவம்பர் மாதங்களின் காலைகளை அட்டவணை போட்டிருந்தார். அறுநூற்றுச் சொச்சம் வரி. கடைசியில் இப்படி எழுதியிருந்தது:

"ஒரு காலையைப் பற்றி இயந்திரத்திடம் கேட்டேன். அன்று அந்தப் பணியாளர் உப்பு போடவில்லை. இயந்திரம் சாலை உறையும் என்று சொன்னது. ஆகவே அவர் போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு சரியா?"

அட்டவணை சுத்தமாக இருந்தது. எழுத்துப்பிழை இல்லை. அது கௌக்கோவாக இருக்கும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. அவன் ஆயுளில் பேசிய மொத்தப் பேச்சைவிட அந்த விடை நீளம். எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். குறிப்பு எழுதாமல் அந்த இணையப் பக்கம் மேலே போக விடாது. "கணக்கு சரி. தெளிவான விடை" என்று எழுதி, துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இரண்டு நாள் கழித்து அந்த முகம் தெரியாதவரிடமிருந்து பதில் வந்திருந்தது. என் மதிப்பீடு பயனுள்ளதாக இருந்தது என்று ஐந்து நட்சத்திரம். கீழே ஒரு வரி: "நன்றி. தெரிந்துகொண்டேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமையல்காரிக்கு இதெல்லாம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை கௌக்கோ வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடையில் பால் அலமாரிக்கு முன்னால் பிடித்தேன்.

"என்ன, பாதியிலயே ஓடிட்ட? மண்டையில ஏறலியா?"

"எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு."

"எது, காப்பியா?"

அவன் சிரிக்கவில்லை. பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஐந்தாவது அத்தியாயம் படித்தேன். அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது: எந்த நாளைப் பற்றிக் கேட்கிறாயோ அந்த நாள் அட்டவணையில் இருக்கக்கூடாது. இருந்தால் இயந்திரம் அதையே கண்டுபிடித்து, நடந்ததையே திருப்பிச் சொல்லும். அது அறிவு இல்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதுவது. படித்தவுடன் அந்தச் சாலைப் பணியாளர் ஞாபகம் வந்தது. அடடா, அந்த ஆள் அந்தக் காலையையும் உள்ளே வைத்துத்தானே கேட்டிருந்தார் என்று நினைத்துச் சிரித்தேன். யாரோ ஒருத்தர், அவரும் இந்த அத்தியாயத்தைப் படிப்பார் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மிர்வா என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கையில் இரண்டு தாள்.

"நீயும் இதப் படிச்சியே ஏய்லா. இது என்னன்னு பாத்துச் சொல்லு. கௌக்கோ கொண்டாந்து குடுத்தான்."

"கௌக்கோவா? உன் வீட்டுக்கா?"

"வந்து தொப்பியக் கழட்டிட்டு நின்னான். 'தப்பு என்னுதுதான் மிர்வா, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், வெளியாளுங்களும் சரிபாத்துட்டாங்க'ன்னான். இதக் குடுத்தான். போயிட்டான்."

தாளைப் பார்த்தேன். நான் அன்று திருத்திய அதே அட்டவணையின் கடைசிப் பக்கம். கீழே மூன்று மதிப்பீடு. முதலாவது, "நல்ல முயற்சி." இரண்டாவது, "பரவாயில்லை." மூன்றாவது என்னுடையது.  அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கௌக்கோ வீட்டுக்கு நடந்தேன்.

சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொன்னேன். அந்த மூன்றாவது ஆள் நான்தான், படிக்காமல் எழுதினேன், சவுனாவுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கணக்கில் எங்கே தப்பு என்பதையும் சொன்னேன். அவன் நியாயமான மனிதன். அந்தக் காலைக்குப் பிறகு வந்த ஒரு நாளைக்கூட அட்டவணையில் சேர்க்கவில்லை. அந்தக் காலையை மட்டும் சேர்த்துவிட்டான்.

"அது தன்னையே தேடிக் கண்டுபிடிச்சிருக்கு கௌக்கோ. வேற ஒண்ணுமில்ல. அந்த ஒரு வரிய எடுத்துட்டுக் கேப்போம்."

"எடுத்தா என்ன சொல்லும்?"

"தெரியாது."

உண்மையிலேயே தெரியாது. மறுபடியும் உறையும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. அவனுடைய விடையோடு வந்திருந்த கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். ஒரு டிகிரி, மேகம், ஈரம், காற்றில்லை என்று கொடுத்து அழுத்தினேன். இயந்திரம் வேறு ஒரு வருடத்து நவம்பர் காலையை எடுத்துக் காட்டியது. அன்றும் ஒரு டிகிரி, மேகம், ஈரம். எட்டு மணிக்கு: உறையவில்லை.

நான் அழுதுவிட்டேன். "பாரு! உன் நோட்டுல இருந்ததெல்லாம் வச்சுப் பாத்தா போடவேணாம்னுதான் வருது. உன்னால தெரிஞ்சிருக்க முடியாது. யாராலயும் முடியாது."

அவன் திரையில் இருந்த வரியைப் படித்தான். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால், அந்த வரியைத் திரும்ப உள்ளே அடித்தான்.

"என்ன பண்ற நீ?"

"இது நடந்துச்சு ஏய்லா."

"நடந்துச்சுதான். ஆனா கணக்குக்கு..."

"அந்தப் புள்ள இல்லாத கணக்கு எனக்கு எதுக்கு?" என்றான். பிறகு எழுந்து எனக்குக் காப்பி ஊற்றினான். 

மறுநாள் மிர்வாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவு பிசைகிற மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப அவன் மேல தப்பில்ல."

"இல்ல மிர்வா. என் மேலதான் தப்பு. நான் அப்படி எழுதலன்னா அவன் உன்கிட்ட வந்திருக்கவே மாட்டான்."

"பதினோரு வருஷம்" என்றாள். "வானத்தத் திட்டமுடியுமா? மேகத்தத் திட்டமுடியுமா? யாரையும் திட்டாம இருந்தேன். நல்ல மனுஷின்னு ஊரே சொல்லிச்சு. போன வாரந்தான் எனக்கு ஒரு ஆளு கெடச்சான். அவன நெனச்சுத் திட்டிட்டு, ரெண்டு ராத்திரி நல்லாத் தூங்குனேன். இப்ப அதையும் புடுங்கிட்டுப் போக வந்திருக்க."

"மிர்வா..."

"கதவ இழுத்துச் சாத்திட்டுப் போ. குளிரு உள்ள வருது."

அந்த வருடம் கௌக்கோவின் வாசற்படியில் ரொட்டி இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாங்கள் எல்லாரும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, பாதையில் வழுக்காமல் இருக்க ஏற்கெனவே மணல் தூவியிருந்தது. வண்டி இல்லை அவனிடம். வாளியில் அள்ளி, கையால் தூவியிருந்தான். பாதை முடிவில் வெறும் வாளியோடு நின்றான். மிர்வா வாசல்வரை வந்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பி, மதிலைச் சுற்றிக்கொண்டு, யாரும் நடக்காத பக்கமாக முழங்கால் பனியில் இறங்கிப் போனாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பிப்ரவரியில் விறகுக் கொட்டகையில் விழுந்துகிடந்தான். மாரடைப்பு என்றார் மருத்துவர். அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தோம். மிர்வா வரவில்லை.

பாடத்தை நான் முழுதாக முடித்தேன். சான்றிதழ் வந்தது, இன்னும் அச்செடுக்கவில்லை. பிறகு அந்த நான்காவது அத்தியாயத்துக்குள் போய், நான் எழுதிய குறிப்பை மாற்ற முயன்றேன். மதிப்பிடும் காலம் முடிந்துவிட்டது, இனித் திருத்த இயலாது என்று வந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். கனிவாகத்தான் பதில் போட்டார்கள். மற்ற மாணவர்களுக்கு உதவும் என்பதால் நல்ல விடைகளை மாதிரியாக வைத்திருக்கிறார்களாம், அதில் இதுவும் ஒன்றாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். கௌக்கோவின் கேள்வி அங்கே இருக்கிறது, இந்தக் கணக்கு சரியா என்று. அதற்குக் கீழே, என் பெயர் இல்லாமல், என் பதிலும் இருக்கிறது. கணக்கு சரி.