மரம் பூக்கும் காலையில் வெட்ட வேண்டியவை

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஏறி, கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்தாள். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சருகையெல்லாம் கீழே தள்ளியவள் ஒரு செடியை மட்டும் வேரோடு எடுத்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். டான்டிலயன். மஞ்சள் பூ, முற்றினால் வெள்ளைப் பஞ்சுருண்டை, ஊதினால் பறந்துவிடும்.

"களைம்மா அது. தூக்கிப் போடு."

"உனக்குக் களை. எனக்கு லீவே கேக்காம வேலை பாக்குற ஆளு. ஏணிய ஆட்டாம பிடி, இன்ஜினியரம்மா."

அம்மா மருத்துவமனைத் தோட்டக்காரி. இருபத்திரண்டு வருடம். அங்கே சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஆப்பிள் மரம். துணி வண்டிகள் ஏறி ஏறி மண் இறுகிக் கிடந்தது. மதிலுக்கு அப்பால் மகரந்தம் தரத் துணை மரம் இருந்தும், நடுவே போய்வரத் தேனீ இல்லாததால் காய் பிடிக்கவில்லை. மரத்தை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் ஆசை.

அம்மா வாதாடவில்லை. சாக்கடை மூடியின் விரிசல், மாடிப்படியின் இடுக்கு, ஓட்டை பக்கெட் என்று டான்டிலயன் எங்கே முளைத்தாலும் கொண்டுவந்து மரத்தடியில் நட்டாள். ஆணிவேர் அறுந்துவிடாமல் தோண்ட என் நீள ஸ்க்ரூடிரைவரைச் சுட்டுக்கொண்டு போனாள்.

"ஊருல எல்லாரும் களை பிடுங்குவாங்க. நீங்க நடுறீங்களேக்கா!" என்று சலவைக்காரர் சிரிப்பார்.

"நீ அழுக்கெடுக்குற, நான் அழுக்கு சேக்குறேன். போய்யா!"

அவள் நடத் தொடங்கிய மூன்றாம் வருடம் நான் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தி அளந்தேன். வெறும் மண்ணில் எட்டு சென்டிமீட்டர் இறங்கியது. செடிகளுக்கு நடுவே இருபத்தாறு. வேறு பூ இல்லாத நாட்களில் மஞ்சளைத் தேடித் தேனீயும் வர ஆரம்பித்திருந்தது. மரம் பூக்கும் காலையில் மஞ்சளை மட்டும் வெட்டிவிட்டால், இடம் பழகிய தேனீ மரத்துக்கு ஏறும். அதுதான் அவள் திட்டம்.

போன வருடம் அவளுக்கு முதுகுவலி. உதவுவதாக நினைத்து, மரம் பூக்க ஒரு வாரம் முன்பே நான் போய்ப் புல்வெட்டும் மிஷினால் எல்லாவற்றையும் மழித்துவிட்டேன். தேனீ வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஒரு காய்கூட இல்லை.

ஏன் காய்க்கவில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"குளிர் அடிச்சிருச்சு சார்," என்றாள் அம்மா.

"அடுத்த வருஷம்தான் கடைசிம்மா. காய்க்கலன்னா வெட்டிருவேன்."

வரும் வழியில், "என்னைத் திட்ட மாட்டியா?" என்று கேட்டேன்.

"நீ வெட்டின தழையெல்லாம் வாளித் தண்ணியில ஊறப்போடு. ரெண்டு வாரம் நாறும். அப்புறம் மரத்துக்கு ஊத்தலாம்."



கூரை வேலை முடிந்த ஒன்பதாம் நாள் அம்மா இறந்தாள். இதயம். கூரையிலிருந்து எடுத்த செடி மரத்தடியில் பிழைத்துக்கொண்டது.

இன்று காலை மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"மொட்டு விரிஞ்சிருச்சும்மா. 'மரம் பூத்தா மஞ்சள வெட்டணும்'னு உங்கம்மா தோட்டச் சாமான் ரூம் கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க. ஆள் விட்டு மிஷின்ல வழிச்சிரவா?"

"வேண்டாம் சார். பூவ மட்டும்தான் எடுக்கணும், வேர் இருக்கணும். நானே வரேன். தேனீ இருக்கா?"

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கால் வைக்க இடமில்லம்மா," என்றார்.

கத்தரிக்கோல் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அம்மா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். மஞ்சளை இன்னும் யாரும் வெட்டவில்லை.